பெரிய டிசைன் பைல்களை வாடிக்கையாளரிடம் முறையாக ஒப்படைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், சில மாதங்களிலேயே அதனை வைத்து ஏதேனும் வருமானம் பார்க்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்குகின்றனர். அவர்களுக்கு முதலில் தோன்றுவது டிசைன் வேலைதான். திருமணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைக்கான போர்டு, பள்ளி ஆண்டு மலர், தினசரி காலண்டரின் அட்டை என வீட்டில் இருந்தபடியே செய்து தரக்கூடிய வேலைகள் ஏராளம். போட்டோஷாப், கோரல் ட்ரா போன்ற புரோகிராம்களைக் கற்றுக் கொடுக்கும் புத்தகங்களும் வீடியோக்களும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் செய்து முடித்த டிசைனை வாடிக்கையாளரிடமும் அச்சகத்திடமும் எப்படி ஒப்படைப்பது என்பதனை யாரும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை.

இது சின்ன விஷயம் அல்ல. திருமணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக் கொள்வோம். பெண் வீட்டார் முகூர்த்த நேரத்தைத் திருத்தச் சொல்கின்றனர். நீங்களும் திருத்தி அனுப்புகிறீர்கள். அச்சகத்தில் திருத்தியதும் திருத்தாததுமாக இரண்டு பைல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். ஆபரேட்டர் பழைய பைலைத் திறந்து 1,000 பத்திரிகைகளை அச்சடித்துவிட்டால் காகிதமும் பணமும் வீண். புதிதாக அச்சடிக்க நாளும் இருக்காது. டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தத் தவறு நடந்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் மீண்டும் உங்களிடம் வரமாட்டார்.

எனவே பெரிய பைல்களை எப்படி அடுக்கி, எப்படிப் பெயரிட்டு, எந்த வழியில் அனுப்பி, சரியாகப் போய்ச் சேர்ந்ததா என எப்படி உறுதி செய்வது என்பதனை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைல் ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

டெக்ஸ்ட் பைல் ஒன்று சில கிலோபைட்தான் இருக்கும். டிசைன் பைல் மட்டும் ஏன் பல எம்.பி. அளவுக்கு வளர்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

அச்சுக்குச் செல்லும் படத்தில் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தில், இந்தக் கணக்கில், குறுக்கே 2,480 புள்ளிகளும் நெடுக்கே 3,508 புள்ளிகளும் இருக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். அச்சுக்கான நிற முறையில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் தேவை. ஆகவே சுருக்கப்படாத நிலையில் ஒரு பக்கமே சுமார் 33 எம்.பி. ஆகிவிடுகிறது. போட்டோஷாப்பில் இதன் மேல் லேயர்களைச் சேர்க்கச் சேர்க்க பைல் இன்னும் பெருக்கும்.

இப்போது 10 அடிக்கு 6 அடி அளவுள்ள கடை போர்டைப் பாருங்கள். அதனையும் 300 புள்ளிகள் என வைத்துச் செய்தால் 36,000 புள்ளி அகலமும் 21,600 புள்ளி உயரமும் வரும். சுருக்கப்படாத அளவு ஏறத்தாழ 2.9 ஜி.பி. போட்டோஷாப்பின் வழக்கமான பி.எஸ்.டி. பைல் ஒரு பக்கத்தில் 30,000 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. பைலின் அளவும் 2 ஜி.பி.க்கு மேல் போகக் கூடாது. எனவே இந்த டிசைனை அந்த வகையில் சேவ் செய்யவே முடியாது.

ஆனால் கடை போர்டை யாரும் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. சாலையின் எதிர்ப்புறம் நின்றுதான் பார்க்கின்றனர். அதற்கு அங்குலத்திற்கு 72 புள்ளிகளே போதுமானதாக இருக்கும். அப்படிச் செய்தால் அதே போர்டு சுமார் 171 எம்.பி.யில் அடங்கிவிடும். அதாவது 17 மடங்கு குறைவு. பைலை எப்படி அனுப்புவது என்று கவலைப்படும் முன், இவ்வளவு பெரிய பைல் தேவைதானா என்று கேட்டுக் கொள்வது நல்லது. அச்சகத்திடம் என்ன அளவில், எத்தனை புள்ளிகளில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இமெயில் மட்டும் போதாதா?

பலரும் முதலில் நாடுவது இமெயிலைத்தான். ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் பைல்களை இணைக்க முடியும். அதற்கு மேல் போனால் பைல் கூகுள் டிரைவில் ஏற்றப்பட்டு, அதற்கான லிங்க் மட்டுமே மெயிலில் செல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இமெயில் என்பது எழுத்துக்களை அனுப்புவதற்காக உருவாக்கப்பட்டது. எனவே இணைக்கப்படும் பைல், வழியில் எழுத்துக்களாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. இந்த மாற்றத்தில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துக்களாகிறது. 18 எம்.பி. பைல் பயணத்தின் போது 24 எம்.பி. ஆகிவிடும். பெறுபவரின் மெயில் சர்வர் இவ்வளவு பெரிய மெயிலை ஏற்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். எனவே 10 எம்.பி.க்கு மேல் உள்ள எதனையும் மெயிலில் இணைக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.

வாட்ஸ் அப் இன்னொரு வழி. 2022ஆம் ஆண்டு முதல் இதில் 2 ஜி.பி. வரையிலான பைல்களை அனுப்பலாம். ஆனால் இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. படத்தைக் கேலரி வழியாகப் போட்டோவாக அனுப்பினால், வாட்ஸ் அப் அதனைச் சுருக்கிவிடும். மொபைல் போனில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். அச்சடித்தால் முகம் மங்கி, எழுத்தின் ஓரங்கள் கலங்கித் தெரியும். எனவே இணைப்புக்கான அடையாளத்தை அழுத்தி, டாகுமெண்ட் என்பதனைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் பைல் மாறாமல் செல்லும். உங்களுக்குப் படங்களை அனுப்பும் வாடிக்கையாளரிடமும் இதனைச் சொல்லி வையுங்கள்.

முதலில் போல்டரை அமையுங்கள்

அனுப்பும் நேரத்தில் பைல்களைத் தேடிப் பொறுக்குவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். ஒரு வேலையைத் தொடங்கும் போதே அதற்கென ஒரு போல்டரை உருவாக்கி, உள்ளே கீழ்க்கண்ட துணை போல்டர்களை அமைத்துவிடுங்கள்.

01 குறிப்பு: என்ன அனுப்பியிருக்கிறோம் என்பதனைச் சொல்லும் சிறிய டெக்ஸ்ட் பைல்.

02 அச்சுக்கு: அச்சகம் திறக்க வேண்டிய இறுதி பி.டி.எப். பைல் மட்டும்.

03 பார்வைக்கு: வாடிக்கையாளர் மொபைல் போனில் பார்ப்பதற்கான சிறிய ஜேபெக் படம்.

04 மூலம்: பிற்காலத்தில் திருத்தம் செய்வதற்கான போட்டோஷாப் அல்லது கோரல் ட்ரா பைல்.

05 படங்கள்: டிசைனில் பயன்படுத்திய போட்டோக்களும் லோகோவும்.

06 பழையவை: கழித்துக் கட்டிய முந்தைய வடிவங்கள். இந்தப் போல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் வெளியே அனுப்பக் கூடாது.

எண்களை முன்னால் கொடுப்பதால் போல்டர்கள் எப்போதும் இதே வரிசையில் நிற்கும். 04 போல்டரை எல்லாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. மூல பைலையும் தருவதா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதனை வேலை தொடங்கும் முன்னரே வாடிக்கையாளரிடம் பேசி முடித்துக் கொள்ளுங்கள். பின்னர் மனக்கசப்பு வராது.

பைலுக்குப் பெயர் வைப்பதில் கவனம்

பைனல், நியூ பைனல், பைனல் ஓகே, பைனல் கடைசி எனப் பெயர் வைப்பது எல்லா இடங்களிலும் நடக்கிறது. இவற்றில் எது கடைசி என்று பைலை உருவாக்கியவருக்கே இரண்டு நாட்களில் மறந்துவிடும். அச்சக ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்?

பெயரில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும். எந்த வேலை, எந்தப் பகுதி, எந்தத் தேதி, எத்தனையாவது வடிவம். எடுத்துக்காட்டாக, "பத்திரிகை_முன்பக்கம்_2025-06-14_வி03" எனப் பெயரிடலாம். புரிவதற்காக இங்கு தமிழில் கொடுத்திருக்கிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக்களிலேயே டைப் செய்திடுங்கள். அச்சகங்களில் உள்ள பழைய புரோகிராம்கள் சில, தமிழ்ப் பெயர்களைக் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் காட்டக்கூடும்.

தேதியில் ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், நாளைக் கடைசியிலும் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். இப்படிக் கொடுத்தால் பைல்களைப் பெயர் வரிசையில் அடுக்கும்போது அவை கால வரிசையிலும் தாமாகவே நின்றுவிடும். நாளை முதலில் கொடுத்தால் ஜூன் 2ஆம் தேதி பைலும் ஜனவரி 2ஆம் தேதி பைலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி போன்றவற்றை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது. பெயர்களைச் சுருக்கமாக வைப்பதும் நல்லது. போல்டருக்குள் போல்டர் என நீண்டு, முழு முகவரி 260 எழுத்துக்களைத் தாண்டினால், ஸிப் பைலை விரிக்கும் போது விண்டோஸில் பிழைச் செய்தி வரலாம்.

பைலின் கடைசியில் வரும் எக்ஸ்டன்ஷன் சிலர் கம்ப்யூட்டரில் தெரியாது. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதில் கிளிக் செய்து, பைல் நேம் எக்ஸ்டன்ஷன்ஸ் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். இனி எது பி.டி.எப்., எது ஜேபெக் எனப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்துருவில் வரும் சோதனை

தமிழில் டிசைன் செய்பவர்களுக்கு என்றே ஒரு தனிச் சோதனை உள்ளது. பத்திரிகை வேலைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய வகை பாண்ட்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் தமிழ் எழுத்துக்கள், ஆங்கில எழுத்துக்களுக்கான இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அந்தப் பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்து நிற்கும். யூனிகோட் பாண்ட்களில் இப்படி எழுத்து மாறிப் போகாது. ஆனாலும் அதே பாண்ட் அங்கு இல்லை என்றால் வேறு பாண்ட் வந்து உட்கார்ந்து, வரிகள் ஏறி இறங்கி, டிசைனின் அமைப்பு குலைந்துவிடும்.

இதனைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, பாண்ட் உள்ளேயே பதிக்கப்பட்ட பி.டி.எப். பைலாகத் தருவது. அச்சு வேலைக்கென்றே பி.டி.எப்./எக்ஸ் என்ற வகை உள்ளது. இதில் பாண்ட்கள் கட்டாயமாக உள்ளே பதிக்கப்படும். பி.டி.எப். பைலாக மாற்றும் போது இந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது, எழுத்துக்களைக் கோட்டு வடிவங்களாக மாற்றுவது. கோரல் ட்ராவில் எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் கீயையும் க்யூ கீயையும் சேர்த்து அழுத்தினால் அவை கர்வ்களாக மாறிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் இதே வேலையைச் செய்வது கிரியேட் அவுட்லைன்ஸ் கட்டளை. மாற்றிய பின்னர் எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து மாறாது. ஆனால் அதனை டைப் செய்து திருத்தவும் முடியாது. எனவே மாற்றும் முன்னர், திருத்தக்கூடிய பைலை வேறு பெயரில் சேவ் செய்து 04 மூலம் போல்டரில் பத்திரப்படுத்துங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டால், கடைசி நேரத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட முழுவதையும் மீண்டும் டைப் செய்ய வேண்டியதாகிவிடும்.

பாண்ட் பைலையே காப்பி எடுத்து அனுப்பலாமே என்று தோன்றும். இலவசமாகப் பகிர அனுமதி உள்ள பாண்ட்களுக்கு அது சரி. விலை கொடுத்து வாங்கியவற்றை மற்றவருக்குத் தர உரிமம் அனுமதிக்கிறதா எனப் பார்த்துவிட்டே தர வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்களையும் அனுப்பும் முன்னர் சரி பாருங்கள். நிற முறை அச்சுக்கான நான்கு வண்ண முறையில் உள்ளதா? பக்கத்தின் ஓரத்தில் வெட்டுவதற்காக வழக்கமாக விடப்படும் 3 மி.மீ. கூடுதல் பரப்பு இருக்கிறதா? டிசைனில் வைத்த படங்கள் எல்லாம் உடன் உள்ளனவா? இன்டிசைன் புரோகிராமில் பேக்கேஜ் என்ற கட்டளையும், கோரல் ட்ராவில் கலெக்ட் பார் அவுட்புட் என்ற கட்டளையும், தேவையான பைல்களை ஒரே போல்டரில் திரட்டித் தரும். கோரல் ட்ரா பைலையே அச்சகம் கேட்டால், அவர்களிடம் எந்தப் பதிப்பு உள்ளது எனக் கேளுங்கள். புதிய பதிப்பில் சேவ் செய்த பைல் பழைய பதிப்பில் திறக்காது. சேவ் அஸ் விண்டோவிலேயே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

ஒரு பக்கக் குறிப்பு

நோட்பேட் புரோகிராமைத் திறந்து பத்து வரிகள் எழுதி 01 போல்டரில் வையுங்கள். என்ன வேலை, இறுதி அளவு என்ன, எத்தனை பக்கங்கள், அச்சடிக்க வேண்டிய பைலின் சரியான பெயர், எத்தனை பிரதிகள், எந்தத் தேதியில் யார் ஒப்புதல் கொடுத்தார், சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய உங்கள் போன் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். சிவகாசி அச்சகங்களில் ஆடி மாதத்திற்குப் பின் காலண்டர் வேலை மும்முரமாக இருக்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டிற்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். அத்தனை வேலைகளுக்கு நடுவே உங்கள் பைலைத் திறப்பவர், நீங்கள் போனில் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதனை அறிந்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிவது உங்கள் குறிப்பு மட்டும்தான்.

ஸிப் செய்து அனுப்புங்கள்

இருபது பைல்களைத் தனித்தனியாக அனுப்பினால் ஒன்றிரண்டு விடுபட்டுப் போகும். போல்டர் முழுவதையும் ஒரே ஸிப் பைலாக்கி அனுப்புவதே நல்லது. இதற்கெனத் தனி சாப்ட்வேர் தேவையில்லை. போல்டரின் மீது ரைட் கிளிக் செய்திடுங்கள். விண்டோஸ் 10ல் செண்ட் டு என்பதனைத் தேர்ந்தெடுத்து, அதில் கம்ப்ரஸ்டு ஸிப்டு போல்டர் என்பதில் கிளிக் செய்ய வேண்டும். விண்டோஸ் 11ல் ரைட் கிளிக் செய்தவுடனேயே கம்ப்ரஸ் எனத் தொடங்கும் கட்டளை கிடைக்கும். அவ்வளவுதான்.

ஸிப் செய்தால் எல்லா பைல்களும் பாதியாகக் குறைந்துவிடும் என எதிர்பார்க்காதீர்கள். ஜேபெக் படங்கள் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் சுருக்கினால் அளவில் மாற்றம் ஏதும் இருக்காது. ஸிப் செய்வதன் பெரிய பலன், எல்லாம் ஒரே கட்டாகச் செல்கின்றன என்பதுதான். வழியில் ஏதேனும் கெட்டுப் போயிருந்தால், விரிக்கும் போது ஸிப் புரோகிராம் பிழை காட்டி எச்சரிக்கும் என்பதும் கூடுதல் நன்மை.

பைல் மிகப் பெரியதாக இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் 7-ஸிப் என்ற புரோகிராமைப் பயன்படுத்தலாம். இது ஒரு பெரிய தொகுப்பைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தரும். எல்லாத் துண்டுகளும் ஒரே போல்டரில் இருந்தால்தான் திறக்கும் என்பதனைப் பெறுபவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

எந்த வழியில் அனுப்புவது?

கூகுள் டிரைவ், ஒன் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற கிளவுட் சேவைகளில் ஏற்றி லிங்க் அனுப்புவதே இப்போது பெரும்பாலானோர் செய்வது. கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இலவச இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பகிர்ந்து கொள்கின்றன. டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 2 ஜி.பி. கிடைக்கும். கூகுள் இடம் நிரம்பிவிட்டால் புதிய மெயில்களும் வராது. எனவே முடிந்த வேலைகளை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும்.

கூகுள் டிரைவில் பைலை ஏற்றிய பின்னர் அதன் மீது ரைட் கிளிக் செய்து ஷேர் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். அங்கு ஜெனரல் ஆக்சஸ் என்ற பிரிவில் முதலில் ரெஸ்ட்ரிக்டட் என்று இருக்கும். அப்படியே லிங்க் அனுப்பினால், வாடிக்கையாளருக்கு அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம்தான் தெரியும். அவருடைய இமெயில் முகவரியைச் சேர்த்து அனுமதி தருவது பாதுகாப்பான வழி. அது முடியாதபோது லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என மாற்றலாம். எதுவானாலும் வியூவர் என்ற நிலையிலேயே அனுமதி கொடுங்கள். எடிட்டர் எனக் கொடுத்தால் பெறுபவர் பைலை மாற்றவும் முடியும்.

ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் இன்டர்நெட் திட்டத்தில் சொல்லப்படும் வேகம் பிட் கணக்கில் இருக்கும். பைலின் அளவு பைட் கணக்கில் இருக்கும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 200 எம்.பி. பைல் என்பது 1,600 மெகாபிட். அப்லோட் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் 80 விநாடிகளில் ஏறிவிடும். 2 மெகாபிட் மட்டுமே என்றால் 13 நிமிடங்களுக்கு மேல் ஆகும். பல இணைப்புகளில் டவுண்லோட் வேகத்தைவிட அப்லோட் வேகம் குறைவாகவே இருக்கும். அச்சகம் மாலை 5 மணிக்குக் கேட்டால் 4.55க்கு ஏற்றத் தொடங்காதீர்கள்.

பைல்களை அனுப்புவதற்கென்றே வீட்ரான்ஸ்பர் போன்ற தளங்களும் உள்ளன. இவற்றின் இலவச சேவையில் லிங்க் சில நாட்களில் காலாவதியாகிவிடும். 2020 மே மாதத்தில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இந்தத் தளத்தைத் தடை செய்யும்படி இணைய சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதனையே நம்பி வேலை செய்தவர்கள் அவசரமாக வேறு வழி தேட வேண்டியதாயிற்று. எனவே எந்த ஒரு சேவையையும் மட்டுமே நம்பியிராமல், மாற்று வழி ஒன்றையும் பழகி வைத்திருங்கள்.

அந்த மாற்று வழி பென் டிரைவாகவும் இருக்கலாம். பல ஜி.பி. பைல்களைப் பக்கத்து ஊர் அச்சகத்திற்குத் தர இதுவே விரைவான வழியாக இருக்கும். ஆனால் பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்ட பென் டிரைவில் 4 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள ஒரே பைலைக் காப்பி செய்ய முடியாது. டிரைவில் 20 ஜி.பி. இடம் இருந்தாலும் பைல் பெரிது என்று மறுத்துவிடும். எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்தால் இந்தத் தடை இல்லை. பார்மட் செய்தால் டிரைவில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் காப்பி செய்து கொள்ளுங்கள். டிரைவைக் கழற்றும் முன் எஜெக்ட் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் பென் டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்கக் கூடாது.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா?

அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஏற்றிய பைலை, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது உங்கள் மொபைல் போனில் நீங்களே டவுண்லோட் செய்து திறந்து பாருங்கள். பின்னர் ஸிப் பைலின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்தால் அதன் சரியான அளவு பைட் கணக்கில் தெரியும். அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியில் எழுதிவிடுங்கள். அவருக்குக் கிடைத்த பைலிலும் அதே எண் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் டவுண்லோட் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள்.

பெறுபவரும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸிப் பைலை டபுள் கிளிக் செய்தால் உள்ளே இருப்பவை தெரியும். உடனே அங்கிருந்தே பைலைத் திறந்து வேலை செய்யக் கூடாது. முதலில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து, போல்டரை வெளியே எடுத்த பின்னரே திறக்க வேண்டும். இல்லையெனில் டிசைனுடன் இணைக்கப்பட்ட படங்கள் காணவில்லை என்று செய்தி வரும். செய்த மாற்றங்களும் சேவ் ஆகாமல் போகலாம்.

ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

அச்சுக்கு அனுப்பும் முன்னர், பார்வைக்கான சிறிய படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பி, பெயர்கள், தேதி, நேரம், மண்டபத்தின் முகவரி, போன் எண் ஆகிய ஐந்தையும் படித்துப் பார்த்துப் பதில் எழுதச் சொல்லுங்கள். போனில் சரி என்று சொன்னது போதாது. பைலின் பெயரைக் குறிப்பிட்டு, "வி03 சரி, அச்சடிக்கலாம்" என்று ஒரு வரி இமெயிலிலோ வாட்ஸ் அப்பிலோ வர வேண்டும். இது வாடிக்கையாளரை மாட்டி வைப்பதற்காக அல்ல. எழுதித் தர வேண்டும் என்றால்தான் பலர் நிதானமாகப் படித்துப் பார்க்கின்றனர். வீட்டில் உள்ள பெரியவர்கள் கண்ணிலும் ஒரு முறை பட்டுவிடும்.

ஒப்புதல் கிடைத்த பைலை அதன் பின் தொடவே கூடாது. ஒரு புள்ளியை மாற்றினாலும் அது வி04. அதற்குப் புதிய பெயர், புதிய ஒப்புதல். கூகுள் டிரைவில் மேனேஜ் வெர்ஷன்ஸ் என்ற வசதி மூலம் அதே லிங்க்கில் பைலை மட்டும் மாற்ற முடியும். வசதியானதுதான். ஆனால் அச்சகம் முந்தைய பைலை ஏற்கனவே டவுண்லோட் செய்திருந்தால், நீங்கள் மாற்றியது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எனவே மாற்றம் செய்தால் புதிய பெயரில் ஏற்றி, பழைய லிங்க்கை நீக்கிவிட்டு, அச்சகத்திற்குப் போன் செய்து "பழையதை அழித்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிடுவதே சரி.

வேலை முடிந்த பின்

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது என்பதற்காக பைல்களை அழித்துவிடாதீர்கள். அதே குடும்பத்தின் அடுத்த விசேஷத்திற்கும், அதே கடையின் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கும் அவை தேவைப்படும். முழுப் போல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒரு காப்பியும், கிளவுடில் ஒரு காப்பியும் வைத்திருங்கள். கிளவுடில் உள்ளதே நிரந்தரம் என நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. எத்தனை மாதங்கள் பைல்களைப் பாதுகாப்பீர்கள் என்பதனையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இவை அனைத்தையும் படிக்கும்போது வேலை அதிகமாகத் தோன்றலாம். உண்மையில் வெற்றுப் போல்டர்களின் தொகுப்பு ஒன்றையும், நோட்பேட் குறிப்பின் மாதிரி ஒன்றையும் ஒருமுறை தயாரித்து வைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு புதிய வேலைக்கும் அவற்றைக் காப்பி செய்து, பெயரை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். அடுத்து வரும் சிறிய வேலை ஒன்றிலேயே, அது விசிட்டிங் கார்டாக இருந்தாலும், இந்த முறையைப் பின்பற்றிப் பாருங்கள். பெரிய வேலை வரும்போது கை தானாகவே பழகியிருக்கும்.